சஹனில் நாலாவது ஆள்

நசீராவின் அக்கா ஆரிஃபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் ஆளுக்கொரு வேலை கிடைத்தது. அம்மாவுக்குத் துணி எடுக்கிற வேலை. அத்தாவுக்கு ஊரெல்லாம் போய் அழைக்கிற வேலை. ஆரிஃபாவுக்கு வெட்கப்படுகிற வேலை. நசீராவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வேலைதான். குறுக்கே வராமல் இருக்க வேண்டும். ஒன்பது வயதில் அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது.

அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பெயர் கலீல். திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய கடைவீதியில் பீங்கான் கடை வைத்திருந்தார். தட்டு, கிண்ணம், கோப்பை, ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு தட்டையும் விரல் நகத்தால் சுண்டிப் பார்த்துத்தான் விற்பார். ‘டிங்’ என்றால் நல்ல தட்டு. ‘டக்’ என்றால் எங்கேயோ கீறல் இருக்கிறது. தூக்கத்தில்கூட அவர் கட்டில் சட்டத்தைச் சுண்டிப் பார்ப்பார் என்று அம்மா கேலி செய்வது உண்டு.

அந்த அத்தாவுக்கு ஓர் ஆசை வந்தது. மகள் கல்யாணத்தில் பீங்கான் சஹனில் விருந்து போட வேண்டும்.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அவர்கள் தெருவில் கல்யாண விருந்து என்றால் ஆளுக்கொரு இலை கிடையாது. நாலு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்காருவார்கள். நடுவில் குவித்த நெய்ச்சோற்றை அவரவர் தம் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரு சஹனில் உட்கார்ந்து எழுந்தால் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

பிள்ளைகள் கதை வேறு. அவர்களுக்குக் கடைசிப் பந்திதான். பெரியவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, ஏப்பமும் விட்ட பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அதற்குள் கறி போய் எலும்பு மிஞ்சியிருக்கும். தால்ச்சாவில் பருப்பு போய்த் தண்ணீர் மிஞ்சியிருக்கும். இந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வந்தவர் அத்தாவின் அக்கா ஷரபுன்னிசா மாமி. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தியில் மாமி வைத்ததுதான் சட்டம்.

வழக்கமாகப் பள்ளிவாசலில் இருந்து செம்பு சஹன்கள் வாடகைக்கு வரும். ஆரிஃபா கல்யாணத்தன்று பாலக்கரையில் இன்னொரு கல்யாணம் இருந்தது. அவர்கள் வந்து கேட்டதும், அத்தா தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பீங்கான் கடைக்காரன் மகளுக்குச் செம்புத் தட்டா? ஊர் சிரிக்காதா?

ஒரு வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, நாலு நண்பர்களைத் தரையில் உட்கார வைத்தார். அவர்களுக்கு நடுவே சாக்கட்டியால் வட்டம் போட்டார். வட்டத்தின் குறுக்கே ஒரு கயிற்றை வைத்து, சரியாக வெட்டினார். அந்தக் கயிற்றைத் தாம் வழக்கமாகத் தட்டு வாங்கும் பீங்கான் தொழிற்சாலைக்கு அனுப்பி வைத்தார். இத்தனை அகலத்தில், மஞ்சளும் பச்சையும் நீலமுமாகச் சஹன் வேண்டும். ஓரத்தில் பூ வேண்டும்.

பிறகு தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னார். எதிர்ப்படாதவர்களைத் தேடிப் போய்ச் சொன்னார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நசீரா, ஆரிஃபாவின் புதுப் புடவை மடிப்பு எப்படி இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள். பிரிப்பது சுலபமாக இருந்தது. மடிப்பதுதான் வரவில்லை. “இவளை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி நான் எங்கேயாவது போயிடுறேன்” என்றார் அம்மா. அன்று அத்தா தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நசீரா அவருக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

பஸ் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றது. துளசியும் கதம்பமும் நிறைந்த கூடைகளோடு சில பெண்கள் ஏறினார்கள். கொள்ளிடப் பாலம் தாண்டும் வரை பஸ்ஸே மணத்தது. மண்ணச்சநல்லூர் போகும் சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே உயரமான புகைபோக்கி ஒன்று தெரிந்தது. “அதுதான்” என்றார் அத்தா.

தொழிற்சாலைக்குள் எல்லாரும் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, சட்டையும் வெள்ளை. எல்லாம் மண்தூள்தான். மேனேஜர் இருதயநாதன் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். நசீரா விரலால் காட்டியதும், அவருக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

“வாங்க கலீல் பாய். உங்க மகளா? எல்லாத்தையும் நானே சுத்திக் காட்டுறேன்” என்றார்.

முதலில் மண் பிசையும் கொட்டகை. வெள்ளைக் களிமண்ணைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து உருட்டினார்கள். அடுத்தது அச்சுக் கொட்டகை. அங்கே பிச்சமுத்து என்பவர், தட்டையாக்கிய மண்ணை ஓர் அச்சின் மேல் போர்த்தி, சக்கரத்தைச் சுற்றி அழுத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மண் தட்டாகிவிட்டது. நசீரா கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். உண்மைதான். அந்த அச்சுகளை எல்லாம் பிச்சமுத்துதான் செய்கிறார் என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

மூன்றாவது, வர்ணம் பூசும் கொட்டகை. அங்கேதான் அத்தா திடுக்கிட்டு நின்றார்.

சஹன்கள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட மஞ்சளாக இல்லை. பச்சையாக இல்லை. நீலமாகவும் இல்லை. சில சாம்பல் நிறத்தில் இருந்தன, சில சாணி நிறத்தில் இருந்தன. ஓரத்துப் பூக்கள் கரி அப்பிய மாதிரி இருந்தன.

“கல்யாணத்துக்குக் கேட்டேன். இது என்னங்க?” என்றார் அத்தா. அவருடைய குரல் கீழே இறங்கிவிட்டது.

பூ வரைந்துகொண்டிருந்த இருசம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “சூளைக்குள்ள போறப்ப எல்லாமே அழுக்காத்தான் போகும் பாய். வர்றப்ப எண்ணெய் தேச்சுக் குளிச்சு, புதுத்துணி கட்டிக்கிட்டு வரும்” என்றார். போன வாரம் வெந்து வந்த ஒரு சின்னத் தட்டை எடுத்துக் காட்டினார். அது மாம்பழ மஞ்சள். ஓரத்தில் கிளிப்பச்சை இலையும் நீலப் பூவும் இருந்தன. அத்தா அதைச் சுண்டினார். ‘டிங்’ என்றது. அத்தாவின் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

இருசம்மாள் நசீராவின் கையில் தூரிகையைக் கொடுத்து, ஒரு சஹனில் ஏதாவது வரையச் சொன்னார். நசீரா ஒரு கிளி வரைந்தாள். “கத்திரிக்காய் நல்லா வந்திருக்கு” என்றார் இருசம்மாள். நசீரா அதற்கு இறக்கை வரைந்து பார்த்தாள். இப்போது அது இறக்கை முளைத்த கத்திரிக்காயாக ஆனது. இருவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது.

பெரியவர்கள் வேகவைக்கும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே சூளையை மூட்டப் போகிறார்கள். எரிந்து, ஆறி, திறக்கும்போது கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஆகிவிடும்.

நசீராவுக்குச் சும்மா இருக்க வரவில்லை. வெந்த மஞ்சள் தட்டை எடுத்தாள். பக்கத்தில் அதே மாதிரி வேகாத தட்டு ஒன்று இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கிப் பார்த்தாள். வெந்த தட்டு, வேகாத தட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“சார், இது ரெண்டும் ஒரே அச்சுதானே? ஒண்ணு ஏன் குட்டியா இருக்கு?” என்று கேட்டாள்.

மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும், அதனால் எப்போதும் அச்சைக் கேட்ட அளவைவிடப் பெரிதாகச் செய்வார்கள் என்று விளக்கினார். கடையில் நாம் வாங்கும் தட்டெல்லாம் பிறக்கும்போது இன்னும் பெரிதாக இருந்தவையாம். மனிதர்கள் வளர்வார்கள், தட்டுகள் சுருங்கும். நசீராவுக்கு அது மிகவும் வேடிக்கையாக இருந்தது.

சுவரில் ஓர் ஆணியில் அத்தாவின் கயிறு தொங்கியது. சஹன் பிறக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, அவள் கயிற்றை எடுத்து ஒரு சஹனின் குறுக்கே வைத்தாள்.

கயிறு மிஞ்சியது. ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் இன்னொரு சஹனில் வைத்துப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான்.

“அத்தா, இது இப்பவே நம்ம கயிறைவிடச் சின்னதா இருக்கு. வெந்தா இன்னும் சுருங்குமே?”

பெரியவர்கள் மூவரும் திரும்பினார்கள். மேனேஜர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். தாமே கயிற்றை வைத்துப் பார்த்தார். பிறகு பிச்சமுத்துவைக் கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் புதுத் தட்டுக்கான அளவு இரண்டு விதமாக வரும். மேனேஜர் படம் போட்டுக் கொடுத்தால், சுருங்குவதற்கான கூடுதல் அளவை அவரே சேர்த்துக் கொடுப்பார். பிச்சமுத்து அப்படியே அச்சு செய்வார். வாங்குகிறவர்கள் பழைய தட்டை மாதிரிக்குக் கொண்டுவந்தால், அதைப் பார்த்துப் பிச்சமுத்துவே கூட்டிக்கொள்வார். இதுவரை யாரும் கயிற்றைக் கொண்டுவந்ததில்லை. கயிறு மேனேஜர் கையிலிருந்து வந்ததால், அவர் கூட்டித்தான் வெட்டியிருக்கிறார் என்று பிச்சமுத்து நினைத்தார். கயிறு படம் இல்லையே, பிச்சமுத்து கூட்டிக்கொள்வார் என்று மேனேஜர் நினைத்தார். ஆக, யாரும் கூட்டவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா பிச்சமுத்து?” என்றார் மேனேஜர்.

பிச்சமுத்து கையில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நடுக்கமாக இருந்தது. மேனேஜருக்கும் அதே நடுக்கம்தான். அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

அத்தா ஒரு மண்மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். புது அச்சு செய்து, புதுத் தட்டு வார்த்து, காயவைத்து வேகவைக்க நாள் இல்லை. செம்பு சஹன்கள் பாலக்கரைக்குப் போய்விட்டன. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அழைத்தவர்களை எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட வைப்பதா? தட்டுக்குப் பணம் வேண்டாம் என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். விருந்தாளிகளுக்கு அதில் சோறு போட முடியாதே என்றார் அத்தா.

நசீராவுக்கு அழுகை வந்தது. தான் கயிற்றை எடுக்காமல் இருந்திருந்தால் இத்தனை பேர் முகம் வாடியிருக்காது என்று தோன்றியது. பிச்சமுத்துவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவள் அத்தாவின் அருகில் போய் நின்றாள்.

“இவர் அவரை நம்பியிருக்காரு. அவர் இவரை நம்பியிருக்காரு. நம்புறது தப்பா அத்தா?”

அத்தா மூட்டையிலிருந்து எழுந்தார். மேனேஜரும் பிச்சமுத்துவைப் பார்த்து முறைப்பதை நிறுத்திவிட்டார்.

“வெந்து வந்தா எவ்வளவு பெருசு இருக்கும்? தரையில போட்டுக் காட்டுங்க” என்றாள் நசீரா.

மேனேஜர் கணக்குப் போட்டுச் சொன்னார். பிச்சமுத்து ஈர மண்ணால் தரையில் வட்டம் போட்டார். பார்க்க அப்படி ஒன்றும் சின்னதாக இல்லை. “உட்கார்ந்து பார்க்கலாம்” என்று அவள் சொன்னதும், பெரியவர்கள் வேறு வழி தெரியாமல் உட்கார்ந்தார்கள். அத்தா, மேனேஜர், பிச்சமுத்து, நாலாவதாகச் சூளை மூட்டும் வீரமலை. வீரமலை பெயருக்கு ஏற்ற உருவம்.

நாலு பேரும் சாப்பிடுவது போலக் கையை நீட்டினார்கள். பிச்சமுத்துவின் முழங்கை மேனேஜரின் விலாவில் இடித்தது. மேனேஜரின் முழங்கால் அத்தாவின் தொடையில் ஏறியது. வீரமலை கையை நீட்டியதும் மற்ற மூவருக்கும் வட்டமே தெரியவில்லை. இருசம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூடியும் பயன் இல்லை. கொட்டகை முழுவதும் சிரித்தது. கடைசியில் அத்தாவும் சிரித்துவிட்டார்.

வீரமலை எழுந்துகொண்டார். இப்போது மூன்று பேர். கை தாராளமாக நீண்டது. யாரையும் யாரும் இடிக்கவில்லை. இடமும் கொஞ்சம் மிஞ்சியது.

“மூணு பேருக்குன்னா சஹன் பத்தாது. மூணு பந்தி, நாலு பந்தியாகிடும். சாயங்காலம் வரைக்கும் விருந்து நடக்கும்” என்று அத்தா பெருமூச்சு விட்டார்.

நசீரா அந்த மிஞ்சிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமாகவும் இல்லை, குறுகலாகவும் இல்லை. அவள் போய் அத்தாவுக்கும் பிச்சமுத்துவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். யார் மேலும் படவில்லை.

“மூணு பெரியவங்க, ஒரு பிள்ளை. இப்ப நாலு பேர் ஆச்சே?”

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு பந்தியிலும் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்துவிட்டால், கடைசியில் பிள்ளைகளுக்கென்று தனிப் பந்தி வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு பந்தி கூடும். பிள்ளைகளுக்கு ஒரு பந்தி குறையும். “கணக்கு நேராகுது பாய். பந்தி கூடவே இல்லை” என்று அவர் உரக்கச் சொன்னார். கண்ணாடி மறுபடியும் நெற்றிக்கு ஏறியது.

அத்தா மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி வந்தது. உடனே பயமும் வந்தது.

“மாமிக்கு யாரு சொல்றது?” என்றார்.

சூளையை மூட்டச் சொல்லிவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். முதலாளியிடம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்று மேனேஜரிடம் சொன்ன அத்தா, பிச்சமுத்துவின் கையைப் பிடித்து, குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று அழைத்தார். இருசம்மாளையும் அழைத்தார். “பிள்ளைங்களை மறக்காம கூட்டிட்டு வாங்க” என்று நசீரா இரண்டு தரம் சொன்னாள்.

மாமிக்குச் சொன்னபோது, எதிர்பார்த்தபடியே வானம் இடிந்தது. பெரியவர்கள் பந்தியில் பிள்ளைகளா? சோற்றைச் சிந்தும். தால்ச்சாவைக் கவிழ்க்கும். கறித்துண்டை எல்லாம் பொறுக்கிவிட்டு, வெறுஞ்சோற்றைப் பெரியவர்களுக்கு வைக்கும். மாமி இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். அத்தா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வேறு சஹனுக்கு வழி இல்லை என்பது மாமிக்கும் தெரியும். அதனால் கடைசியில், “என்னமோ பண்ணுங்க. என் சஹன்ல மட்டும் பிள்ளையை உட்கார வைக்காதீங்க” என்றார்.

மறுநாளிலிருந்து நசீராவுக்கு உண்மையாகவே ஒரு வேலை கிடைத்தது. தெருப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துவைத்துப் பழக்கினாள். தரையில் சாக்கட்டி வட்டம். நடுவில் மணல்தான் நெய்ச்சோறு. கூழாங்கல்தான் கறி. கை கழுவ வேண்டும், தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் “உங்களுக்கு வேணுமா?” என்று கேட்க வேண்டும். பயிற்சியில் எல்லாரும் நன்றாகத்தான் செய்தார்கள். ஒரு குட்டிப் பையன் மட்டும் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டான்.

இன்னொரு சிக்கலும் தெரிந்தது. சஹன்கள் நிறைய இருந்தன. பிள்ளைகள் குறைவாக இருந்தார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் இப்படி ஒரு குறை வந்ததே இல்லை. நசீரா தன் வகுப்புத் தோழி சந்திரம்மாளை அழைத்தாள். அவள் தன் தம்பிகளை அழைத்தாள். தம்பிகள் தங்கள் வகுப்பையே அழைத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் அத்தாவும் அவளும் மறுபடி தொழிற்சாலைக்குப் போனார்கள். வீரமலை சூளை வாசலில் அடுக்கியிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. பிச்சமுத்து உள்ளே குனிந்து முதல் சஹனை வெளியே கொண்டுவந்தார்.

அது மஞ்சள். கண் கூசும் மஞ்சள். அடுத்தது பச்சை. அதற்கடுத்தது மழைக்கால முன்னிரவு மாதிரி நீலம். இருசம்மாளின் பூக்கள் ஓரமெல்லாம் பூத்திருந்தன. சாணி நிறத்தில் போனவை இவைதானா என்று நசீரா வாயைப் பிளந்தாள். இறக்கை முளைத்த கத்திரிக்காயும் வந்தது. பச்சையாகிவிட்டதால் இப்போது அது கொஞ்சம் கிளி மாதிரியே இருந்தது.

அத்தா ஒவ்வொன்றையும் சுண்டினார். டிங். டிங். டிங். பிச்சமுத்து ஒவ்வொரு ‘டிங்’குக்கும் ஒரு தடவை மூச்சுவிட்டார். வைக்கோல் பரப்பிய வண்டியில் சஹன்களை ஏற்றி முடித்தபோது, அத்தா சின்னப் பையன் மாதிரி வண்டிக்கு முன்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போனார்.

கல்யாணம் வந்தது. நிக்காஹ் முடிந்தது. பந்தி விரித்தார்கள். ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். விரிப்பின் மேல் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகச் சஹன்களை வைத்ததும், எல்லாரும் ‘ஆ’ என்றார்கள். அந்த ஒரு ‘ஆ’வுக்காகவே அத்தா இத்தனை நாள் அலைந்திருந்தார். சஹனைச் சுற்றி மூன்று பெரியவர்கள், ஒரு பிள்ளை. சந்திரம்மாள் ஒரு சஹனில் உட்கார்ந்தாள். பந்தலில் பிச்சமுத்துவின் மகன் ஒரு சஹனில். அவனுக்கு இரண்டு பக்கமும் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர்கள்.

வழக்கமாக முதல் பந்தியில் சத்தமே இருக்காது. பெரியவர்கள் மும்முரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அன்று அப்படி இல்லை. “உங்களுக்கு வேணுமா?” என்று பிள்ளைகள் பழகியபடி கேட்டார்கள். அப்படிக் கேட்ட பிள்ளையிடம் எந்தப் பெரியவருக்கு வேண்டும் என்று சொல்ல மனம் வரும்? கறித்துண்டுகள் எல்லாம் தாமாகவே பிள்ளைகள் பக்கம் நகர்ந்தன. மாப்பிள்ளையின் பெரிய தகப்பனார் ஒருவர், ஊரே பயப்படும் ஆள், பிச்சமுத்துவின் மகனுக்கு எலும்பிலிருந்து கறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். கூடத்திலும் பந்தலிலும் ஒரே சிரிப்பு. சோறு சிந்தியதும் உண்மைதான். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நசீரா தண்ணீர்ச் செம்போடு ஓடிக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். தான் சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அப்போது கூடத்தின் மூலையிலிருந்து மாமியின் குரல் கேட்டது. நசீராவுக்குத் திக்கென்றது. யார் எதைக் கவிழ்த்தார்களோ என்று ஓடினாள்.

மாமியின் சஹனில் மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். நடுவில் நெய்ச்சோறு குவித்தது குவித்தபடி ஆவி பறந்துகொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. மற்ற சஹன்களில் நடக்கும் கூத்தை மாமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லா சஹன்லயும் பிள்ளை இருக்கு. எங்க சஹனுக்கு எங்கே?”

“நீங்கதான் மாமி வேணாம்னு சொன்னீங்க” என்றாள் நசீரா.

“நான் ஆயிரம் சொல்வேன். நாலு பேர் உட்காராத சஹன்ல கை வைக்கிற வழக்கம் நமக்கு உண்டா? ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வா.”

நசீரா சுற்றிலும் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லார் வாயிலும் சோறு இருந்தது.

“பிள்ளைங்க யாருமே மிச்சம் இல்லையே மாமி.”

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ யாரு, ஊருக்குப் பெரிய மனுஷியா? செம்பைக் கீழே வை. வந்து உட்காரு.”

நசீரா செம்பைச் சுவரோரம் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமி இருந்ததிலேயே பெரிய கறித்துண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தார். அதன் பிறகுதான் பிஸ்மில்லாஹ் சொல்லித் தம் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார்.